மூன்று நாளும் வந்தவர்

பிப்ரவரி மாதத்தில் மூன்று நாள் நான் ஒரு மனிதருக்கு விளக்குக் கொடுக்கவில்லை. அடித்தேனா, திட்டினேனா, ஒன்றும் இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பதற்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. கரகாந்தி நகரத்துக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம். நடுவில் இருப்பதெல்லாம் பனியும் தந்திக் கம்பிகளும்தான். நான் சுரங்கத்தின் விளக்கறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். கீழே இறங்குகிற ஒவ்வொருவனும் முதலில் என் ஜன்னலுக்கு வந்தாக வேண்டும். ஆளுக்கு இரண்டு பித்தளை டோக்கன், இரண்டிலும் ஒரே எண். ஒன்றை என்னிடம் கொடுத்துத் தலைவிளக்கை வாங்கிக்கொள்வான். மற்றொன்று அவன் பையிலேயே இருக்கும். கீழே வாயு வெடித்து ஆட்களை மேலே கொண்டு வரும்போது, அந்த இரண்டாவது டோக்கனை வைத்துத்தான் இன்னார் என்று சொல்லுவோம். முகத்தைப் பார்த்துச் சொல்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. பார்க்க முகம் இருந்தால்தானே.

விளக்கு இல்லாதவன் கீழே இறக்குகிற கூண்டில் ஏற முடியாது. கூண்டில் ஏறாதவன் வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். அவன் வாசல் வரை வந்தானா, என் ஜன்னலில் நின்றானா என்பதெல்லாம் எந்தத் தாளிலும் ஏறாது.

நானூற்றுப் பதினேழு துலெகெனின் எண். மின் பழுது பார்ப்பவர், நாற்பத்து நான்கு வயது, என் கணவர் பெய்செனின் சித்தப்பா மகன். அதாவது எனக்குக் கொழுந்தன். கணவரின் அண்ணன் தம்பிமார் பெயரைப் பெண்கள் நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம், வேறு பெயர் வைத்துக் கூப்பிடுவோம். நான் கல்யாணமாகி வந்தபோது இந்தப் பையன் ஆமை நடை நடந்துகொண்டிருந்தான். அதனால் 'மின்னல்' என்று பெயர் வைத்தேன். பிறகு அவர் மின்சார வேலைக்கே போனதும் ஊரே சிரித்தது.

இவர்தான் புதுச் சங்கம் ஆரம்பித்தவர். பழைய சங்கம் ஒன்று எங்களுக்கு உண்டு. வேலையில் சேர்ந்த அன்றே அதில் உறுப்பினர், சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று தானாகப் பிடித்துவிடுவார்கள். பதிலுக்குப் புத்தாண்டுக்கு ஒரு பை மிட்டாயும், செத்தால் ஒரு மலர் வளையமும் வரும். அதற்கு முந்தின கோடையில் வெட்டுகிற கரிக்கு டன்னுக்கு இவ்வளவு என்று இருந்த கூலியை நிர்வாகம் குறைத்தது. பழைய சங்கத்துத் தலைவர் அதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போனார். அப்போதுதான் மின்னல் எழுந்தார். பழையதிலிருந்து விலகிப் புதியதில் சேர வேண்டுமானால் கணக்கு அலுவலகத்தில் சொந்தக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதிக் கொடுத்தோம். ஆமாம், நானும்தான். என் எழுத்து அழகாக இருக்கும்.

நிர்வாகம் யாரையும் திட்டவில்லை. எழுதிக் கொடுத்தவர்களை எல்லாம் கரி வற்றிப்போன மேற்குப் பிரிவுக்கு மாற்றியது, அவ்வளவுதான். அங்கே எட்டு மணி நேரம் வெட்டினாலும் பாதி வண்டி நிறையாது. கூலி பாதியானது. எழுதிக் கொடுக்காதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையும் இரட்டைக் கூலியும் கிடைத்தன. ஒரே மாடிப்படியில் எதிரெதிர் வீடு, ஒரு வீட்டில் குதிரை இறைச்சி வேகிறது, எதிர்வீட்டில் உருளைக்கிழங்கு. டிசம்பருக்குள் முப்பத்தொரு பேர் மிச்சம். ஜனவரியில் ஒன்பது. நான் நவம்பரிலேயே விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். அதையும் அழகான எழுத்தில்தான் எழுதினேன்.

பிப்ரவரியில் அந்தத் திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குத் துணை இயக்குநர் ஸ்மகுலொவ் போன் செய்தார்.

"கனிபா, நானூத்திப் பதினேழு ரிப்பேர்."

"இல்லையே சார், நல்லாத்தான் இருக்கு. ராத்திரி சார்ஜ் ஏத்தியிருக்கேன்."

"ரிப்பேர்னு சொல்றேன். ஸ்பேரும் கிடையாது. புரியுதா?"

புரிந்தது. புரியாத மாதிரி இருந்திருக்கலாம், அதற்கும் தைரியம் வேண்டும். ஆறு மணிக்கு மின்னல் ஜன்னலுக்கு வந்தார்.

"என்ன அண்ணி, மூஞ்சி இப்படி இருக்கு? அண்ணன் அடிச்சாரா?"

"விளக்கு ரிப்பேரு."

"அப்ப வேறொண்ணு குடுங்க."

"வேற இல்ல."

"உங்க தோளுக்குப் பின்னால எட்டு தொங்குது அண்ணி. நான் எலக்ட்ரீஷியன், கண்ணு தெரியாதவன் இல்ல."

"ரிப்பேருன்னா ரிப்பேரு. பின்னால ஆள் நிக்குது, நகருங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, கூண்டு கடைசியாக இறங்கும் வரை நின்றார். செவ்வாய்க்கிழமையும் வந்தார், அன்று வாதாடினார். புதன்கிழமை ஒன்றும் கேட்கவில்லை. டோக்கனை ஜன்னல் பலகையில் வைத்தார், நான் எடுக்காமல் இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். வரிசையில் முன்னூறு பேர். ஒருவன் கூட வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். காரணமின்றி மூன்று நாள் வேலைக்கு வராததால் பணிநீக்கம்.

அவர் வழக்குப் போட்டார். டோக்கன்களைத் திருப்பித் தரவும் இல்லை. ஒருநாள் மதியம் எங்கள் வீட்டுக்கு வந்து, பாலூற்றிய தேநீரைக் குடித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அண்ணி, நீங்க வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். 'வந்தான்'னு. ஸ்மகுலொவ் போன் பண்ணாரு, அது இதெல்லாம் வேண்டாம். வந்தேனா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி."

"பாக்கலாம், மின்னல்."

"பாத்தீங்களே. மூணு நாளும் பாத்தீங்க."

என் ஓய்வூதியத்துக்குப் பதினான்கு மாதம் இருந்தது. பெய்செனுக்கு நுரையீரலில் கரித்தூசி. மார்ச்சில் மருத்துவக் குழு உட்கார்ந்து அது தொழில் நோயா, இல்லை சிகரெட்டா என்று முடிவு செய்யப் போகிறது. குழுவில் ஒரு நாற்காலி சுரங்கத்துடையது. நான் பெய்செனைப் பார்த்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது. அந்த இருமலையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

விசாரணை கரகாந்தியில், பிப்ரவரியின் கடைசி வியாழக்கிழமை. வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று மின்னல் புதன்கிழமை மதியப் பஸ்ஸிலேயே கிளம்பினார். மூன்று மணிக்குப் பனிப்புயல் எழுந்தது. கையை நீட்டினால் கை தெரியாது. சாலையை மூடினார்கள், விசாரணையைத் தள்ளி வைத்தார்கள், பாதி வழிக்கு அப்பால் தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்தன. அந்தக் காலத்தில் பையில் போன் வைத்திருந்தது பெரிய அதிகாரிகள் மட்டும்தான்.

வியாழன் மாலை நான்கு மணிக்கு விளக்கறை போன் அடித்தது. பாதி வழியில் இருக்கும் போலீஸ் சாவடியிலிருந்து ஒரு பையன் குரல், காற்று இரைச்சலோடு வந்தது.

"நின்னுபோன பஸ்ஸுக்குப் பக்கத்துல ஒரு ஆள் உறைஞ்சு கிடந்தாரு. பேப்பர் எதுவும் இல்ல. கோட்டுப் பையில பித்தளைத் தகடு இருக்கு, உங்க சுரங்கத்து முத்திரை. நம்பர் நானூத்திப் பதினேழு. யாருங்க அது?"

நான் பதிவேட்டைப் புரட்டவே இல்லை. ஆள் உயரமா, குட்டையா, மீசை உண்டா, எதையும் கேட்கவில்லை. டோக்கன் சொல்லிவிட்டால் எங்களுக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது. "துலெகென்," என்றேன். அந்தப் பெயரை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

போனை வைத்ததும் எனக்குள் முதலில் வந்தது அழுகை இல்லை. இனிமேல் கோர்ட்டுக்குப் போக வேண்டாம் என்ற நிம்மதி வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேட்கிறவர்கள் காறித் துப்பினாலும் சரி.

அவர் மனைவி கமரிடம் செய்தி சொல்லப் பெரியவர்கள் நான்கு பேர் போனார்கள். நான் வெள்ளிக்கிழமை காலை, இறந்தவர்களுக்காகப் பொரிக்கிற ஏழு ஷெல்பெக் ரொட்டியை என் கையால் பொரித்தேன். எண்ணெய் வாசனை அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று அடுப்பங்கரை ஜன்னலைக் கூடத் திறந்து வைத்தேன். பனி உள்ளே விழுந்தது.

இரண்டு மணிக்கு ஒரு ஷிப்ட் ஏறி ஒரு ஷிப்ட் இறங்கும் நேரத்தில், ஆட்கள் கூடும் பெரிய அறையில் எல்லோரும் நின்றோம். துளை போடுகிற ஒராஸ்கலிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், ஊரில் பாதிச் சாவுக்கு அவர்தான் ஓதுவார். ஓதி முடித்துவிட்டுச் சொன்னார்:

"உடம்பு எப்ப வரும்னு தெரியல. வந்தாலும் இந்த ஷிப்ட் அடக்கத்துக்குப் போக முடியாது. அதனால கேக்க வேண்டியத இங்கயே கேட்டுடறேன்."

அடக்கம் செய்வதற்கு முன் எங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்படும். பதில் மேலே போய்ச் சேரும் என்பது நம்பிக்கை.

"துலெகென் எப்படிப்பட்ட மனுஷன்?"

"நல்ல மனுஷன்," என்றார்கள் எல்லோரும். கதவோரம் ஸ்மகுலொவ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரும் சொன்னார், "நல்ல மனுஷன்."

சாதாரணமாக அத்தோடு முடிந்துவிடும். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒருவன், "எங்க கூலிக்காக நின்னாரு. நாங்க நிக்கல," என்றான். அவன் முடிப்பதற்குள் இன்னொருவன். "செவ்வாக்கிழமை அவருக்குப் பின்னால நின்னது நான்தான். விளக்கு குடுக்கல. என் கண்ணால பாத்தேன்." பிறகு மடை திறந்துவிட்டது. திங்கள் பார்த்தவன், புதன் பார்த்தவன், சுவரோரம் நின்றவரின் தோளில் மோதிக்கொண்டு போனவன். முப்பத்தெட்டு ஆண்கள், கையில் ரொட்டித் துண்டை வைத்துக்கொண்டு, குளித்தும் போகாத கரி முகத்தோடு, ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். கடைசியில் நானும் சொன்னேன்.

"மூணு நாளும் வந்தாரு. மூணு நாளும் ஆறு மணிக்கு வந்தாரு. பின்னால எட்டு விளக்கு தொங்குச்சு. நான்தான் குடுக்கல."

சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதேன். என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது எல்லோருக்கும் முகம் தெளிந்திருந்தது. அந்த வருஷத்தில் அப்படி ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அன்று மட்டும்தான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வரிசை கூடத் தொடங்கியிருந்தது. வெளிக் கதவு திறந்து மின்னல் உள்ளே வந்தார்.

யாரும் கத்தவில்லை. முன்னால் நின்றவர்கள் விலகினார்கள், ஒராஸ்கலி உதடு அசைய ஏதோ ஓதினார். மின்னல் யாரோ ஒரு ரயில்வேக்காரனின் பழைய மேல்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் கட்டு. நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"அண்ணி, வீட்டுக்குப் போனேன். கமர் என்னைப் பாத்துட்டு மயக்கம் போட்டுட்டா. நான் செத்துட்டேன்னு நீங்க சொன்னீங்களாம்."

நடந்தது இதுதான். பஸ் பனியில் புதைந்தது. வழியில் ஏறிய ஒரு குடிகாரன் மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தான். மின்னல் தன் ஆட்டுத்தோல் கோட்டை அவனுக்குப் போர்த்திவிட்டார். விடிந்ததும் ஐந்து பேர் ஒருவரையொருவர் கயிற்றால் கட்டிக்கொண்டு ரயில் தண்டவாளக் குடிசைக்கு நடந்து தப்பித்தார்கள். குடிகாரன் வரமாட்டேன் என்று பஸ்ஸிலேயே படுத்தவன், பிறகு எப்போதோ இறங்கியிருக்கிறான். அவனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். என் பதிவேட்டில் இல்லாததால் நான் கேட்கவில்லை.

வரிசையில் நின்ற கோல்யாதான் முதலில் வாயைத் திறந்தான். "உனக்குப் பொரிச்ச ரொட்டியில ரெண்டு துண்டு நான் தின்னுட்டேன்டா. திருப்பிக் கேக்காத." நாலு பேர் சிரித்தார்கள். மின்னலும் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் நல்ல சிரிப்பு.

"கமர் எல்லாம் சொன்னா அண்ணி. ஒராஸ்கலி அண்ணன் சம்சாரம் அவகிட்ட ஒண்ணு விடாம சொல்லியிருக்கா. முப்பத்தொம்பது சாட்சி. செத்துப் பாத்ததும் நல்லதாத்தான் போச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை, உயிர் பிழைத்ததற்கு நன்றியாக அவர் ஓர் ஆட்டை அறுத்து விருந்து வைத்தார். வெள்ளிக்கிழமை அவர் வீட்டுத் துக்கத்துக்கு மாடிப்படி முழுக்கச் செருப்பும் பூட்ஸுமாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஆறு பேர் வந்தார்கள். ஒரு முழு ஆடு, ஆறு பேர். பெய்சென் போனார். நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

திங்களிலிருந்து ஸ்மகுலொவ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் முறை புதன்கிழமை வந்தது. தேநீர் கொடுத்தார், கூடவே சாக்லேட்.

"கனிபா, செத்தவரப் பத்தி நல்லதாப் பேசறது நம்ம வழக்கம். நானும்தான் பேசினேன். துக்கத்துல மனுஷன் என்னென்னவோ சொல்லுவான். அதயெல்லாம் கோர்ட்டுல யாரும் கேக்க மாட்டாங்க. கோர்ட்டுல ஞாபகம் இருக்கறத மட்டும் சொன்னாப் போதும்."

"சரி சார்."

"ஏப்ரல்லேருந்து எல்லாருக்கும் இருபத்திரண்டு சதவீதம் கூட்டறோம். பழைய சங்கத்தோட ஒப்பந்தம். ஊரு அமைதியா இருந்தா." பிறகு கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே கேட்டார், "பெய்சென் அண்ணன் உடம்பு எப்படி இருக்கு? மார்ச் குழுவுல நானும் இருக்கேன்."

இருபத்திரண்டு சதவீதம். கோடையில் பிடுங்கியதைத் திருப்பித் தந்து மேலே கொஞ்சம் போடுகிற கணக்கு. புதுச் சங்கம் கேட்டதும் ஏறக்குறைய அதேதான். அதைக் கேட்டவர் ஒருத்தர், வாங்கப் போகிறவர்கள் நாங்கள்.

தள்ளி வைத்த விசாரணைக்கு வந்த நீதிபதி சின்ன வயசுப் பெண். சளி பிடித்திருந்தது அவருக்கு. மின்னல் நான்கு பேரைச் சாட்சிக்குக் கேட்டிருந்தார். மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். வரிசை நீளம், இருட்டு, ஞாபகம் இல்லை. செவ்வாய்க்கிழமை பின்னால் நின்றவன், அது வேறு செவ்வாய்க்கிழமையாக இருக்கலாம் என்றான். பிறகு நான் எழுந்தேன்.

"பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது தேதிகளில் இவர் உங்கள் ஜன்னலுக்கு வந்தாரா?"

"முன்னூறு பேரு வருவாங்கம்மா. நாங்க முகம் பாக்கறதில்ல. நம்பர்தான் பாப்போம்."

"நானூற்றுப் பதினேழு வந்ததா?"

மின்னல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. பரீட்சையில் பக்கத்துப் பையன் விடை சொல்லுவான் என்று நம்பிப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஞாபகம் இல்லம்மா."

அவருக்கு வேறு சாட்சி உண்டா என்று நீதிபதி கேட்டார். மின்னல் எழுந்தார். கையில் இன்னும் கட்டு இருந்தது.

"முப்பத்தொம்பது பேரு சொன்னாங்கம்மா. ஆனா அதுக்கு நான் செத்திருக்கணும்."

"புரியவில்லை. தெளிவாகச் சொல்லுங்கள்."

அவர் உட்கார்ந்துவிட்டார். வழக்குத் தள்ளுபடியானது. நாங்கள் நான்கு பேரும் அவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். வேறு பஸ் கிடையாதே.

மார்ச்சில் பெய்செனுக்குத் தொழில் நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏப்ரலில் கூலி ஏறியது. மே மாதம் ஆட்குறைப்பு வந்தது. பலகையில் இருபத்து நான்கு பெயர். கடைசி வரை விலகாமல் இருந்த ஒன்பது பேரில் எட்டு பேர் அதில் இருந்தார்கள், ஒன்பதாமவரைத்தான் ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டதே. மற்ற பதினாறும் தாமதமாக விலகியவர்கள். என்னைப் போலச் சீக்கிரம் விலகியவர்களின் பெயர் ஒன்று கூட இல்லை.

நானூற்றுப் பதினேழாம் விளக்கைப் புதிதாக வந்த ஒருவனுக்குக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டு வந்தான். கீழே போனதும் அணைந்துவிடுகிறதாம். நான் சோதித்தேன், பத்து மணி நேரம் குறையாமல் எரிந்தது. இன்னொருவனுக்குக் கொடுத்தேன், அவனும் அதையே சொன்னான். பயப்படுகிறார்கள் என்று நினைத்து அதைக் கொக்கியிலேயே விட்டுவிட்டேன். ஆனால் காலை ஆறு மணிக்கு ஜன்னல் பலகையில் பித்தளை வைக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். குனிந்து எழுதிக்கொண்டிருப்பவள் கையை நீட்டுவேன். பலகை வெறுமையாக இருக்கும், வரிசையில் அடுத்து நிற்பவன் இரண்டடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கும் கேட்டதா என்று நான் கேட்பதில்லை. செத்தவன் வந்தால் குர்ஆன் ஓதலாம், ரொட்டி பொரிக்கலாம். இவர் நாலு தெரு தள்ளி உயிரோடு இருக்கிறாரே, இவருக்கு என்ன செய்வது?

ஜூன் ஆரம்பத்தில் ஒரு மதியம் கமர் விளக்கறைக்கு வந்தாள். என்னோடு பேச்சை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டே பேசினாள்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அவரு செத்துட்டாருன்னு அழுதீங்களே, அப்ப சொன்னது நெசமா, கோர்ட்டுல சொன்னது நெசமா?"

"உனக்குத் தெரியாதா கமர்."

"எனக்குத் தெரியும். நான்தானே மூணு நாளும் சாப்பாடு கட்டிக் குடுத்து அனுப்புனேன். அவருக்குத்தான் தெரியல." அவள் குரல் இறங்கியது. "தெனம் கேக்கறாரு. 'கமர், நான் போனேனா? வீட்டுல இருந்து கிளம்பினது ஞாபகம் இருக்கு. அங்க போய்ச் சேந்தேனா? இத்தனை பேரு இல்லங்கறாங்களே, எல்லாருமா பொய் சொல்லுவாங்க?' நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. நீ வீட்டுல இருந்தவ, உனக்கென்ன தெரியும்ங்கறாரு. சோறு எறங்கல. ராத்திரி தூக்கமில்ல. காலையில அஞ்சரைக்குக் கிளம்பி முக்கு வரைக்கும் போறாரு, அங்கயே நின்னுட்டுத் திரும்பி வராரு."

"நான் என்ன செய்யணும் சொல்லு."

"கோர்ட்டெல்லாம் முடிஞ்சு போச்சு. வேலையும் வேண்டாம். அவரு மூஞ்சியப் பாத்து, 'வந்தீங்க'ன்னு ஒருதரம் சொல்லுங்க. அவரு பைத்தியம் இல்லன்னு அவருக்குத் தெரியட்டும். வேற ஒண்ணும் கேக்கல."

ஷிப்ட் முடியும் வரை காத்திருக்கவில்லை. விளக்கறையைப் பூட்டிவிட்டு அவளோடேயே போனேன். இருபத்தாறு வருஷத்தில் நேரத்துக்கு முன்னால் நான் பூட்டியது அந்த ஒரு நாள்தான். அதற்குக் கூலியில் பிடித்தார்கள். போகிற வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரே வார்த்தை. இதற்கா இவ்வளவு பயந்தேன் என்று என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. சொல்லிவிட்டால் அவருக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். அவர் பழையபடி அண்ணன் அடிச்சாரா என்று கேட்பார். இப்படியெல்லாம் கூட நினைத்தேன்.

அவர் அடுப்பங்கரை மேஜையில் உட்கார்ந்திருந்தார். வெயில் மேஜை மேல் நன்றாக விழுந்திருந்தது. இளைத்திருந்தார். பனியில் உறைந்துபோன விரல்களில் இரண்டை எடுத்துவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

"மின்னல், நீங்க வந்தீங்க. திங்கக்கெழம வந்தீங்க, செவ்வாக்கெழம வந்தீங்க, பொதங்கெழம டோக்கனப் பலகையில வச்சீங்க. நான் பாத்தேன். மூணு நாளும் நீங்க வந்தீங்க."

அவர் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார், சுவரை, ஜன்னலை, கையில் கிண்ணத்தோடு நின்ற கமரை. பயம் இல்லை, வருத்தம் கூட இல்லை. விஷயம் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி, அமைதியாகக் கேட்டார்.

"நான் எப்ப செத்தேன் அண்ணி?"